ஒரு கால் மட்டும்

நாத்தனார் என்று ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை, சுளித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற நாத்தனார் யார் குடியையும் கெடுத்தவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் திருகிவிட்டால் சாயங்காலம் வரை நிற்காதாம். அவளுடைய அண்ணன் மனைவியும் அதே கூடத்தில்தான் வேலை. அந்த அண்ணி வாயைத் திறப்பதே அபூர்வம். ஏன் இப்படி ஊமையாக இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டுக்கு ஒதுக்கின பேச்சை எல்லாம் நாத்தனாரே பேசித் தீர்த்துவிடுகிறாள், எனக்கு எங்கே மிச்சம் என்பாள். கல்யாணம் ஒரு வருஷத்திலேயே முறிந்துபோய் அண்ணன் வீட்டுக்கு வந்த ரேடியோ அங்கேயே தங்கிவிட்டாள். அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இல்லை. மூன்று பேர், இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு.

அந்தச் சலவைக்கூடத்து வேலையை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, பாதி ஈரத்தோடு ரோலருக்கு வரும். ரோலர் என்பது ஆள் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிற சூடான இரும்பு உருளை. அதன் வாயில் விரிப்பைக் கொடுக்க எப்போதும் இரண்டு பெண்கள் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரு உதறு, ஒரு இழுப்பு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒருத்தி இமைப்பொழுது பிந்தினாலும் விரிப்பு கோணலாக உள்ளே போய், மடிப்பு விழுந்து, வெந்து வெளியே வரும். நாலு வருஷமாக ரேடியோவும் அண்ணியும் ஒரு ஜோடி. அவர்கள் கொடுத்த விரிப்பில் மடிப்பு விழுந்ததே இல்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது ரோலரிலிருந்து தண்ணீர் சொட்டுவது மாதிரி, நடக்காத காரியம்.

நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் அங்கே எல்லாப் பெண்களுக்கும் கால் வீங்கும். அதற்கு அவர்களே இரண்டு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒன்று, கிழிந்த விரிப்பை நீள நீளமாகக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வது. எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு கால்கட்டு போட்டுவிட்டார்களே, இது இன்னொன்றா என்று கல்யாணமானவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இன்னொன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மிதிப்பது. பாய்லருக்குப் பின்னால் பழைய கம்பளிகளை விரித்து ஒருத்தி குப்புறப் படுத்துக்கொள்வாள். அவளுடைய ஜோடி சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் அவள் கெண்டைக்காலை மேலும் கீழுமாக மெதுவாக மிதித்துவிடுவாள். பத்து நிமிஷம். பிறகு இவள் படுப்பாள், அவள் மிதிப்பாள். வேறு யாரையும் மிதிக்கவிட மாட்டார்கள். ஜோடியின் கனம் காலுக்குப் பழகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை காலையில் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போனது.

ரேடியோ பேச்சை நிறுத்தி அண்ணியைப் பார்த்தாள். அடுத்த விரிப்பும் கோணல். மூன்றாவதும். அண்ணியின் முனைதான் பிந்தியது. கை பிந்தவில்லை. விரிப்போடு ஒரு அடி முன்னால் வைக்க வேண்டிய இடது காலை அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். என்ன அண்ணி, ராத்திரி அண்ணனோடு பஸ்ஸைத் தள்ளினீர்களா என்று ரேடியோ கேட்டாள். அண்ணி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மத்தியானம் அண்ணியின் கால்துணிகளை அவிழ்த்தபோது, வலது காலை ஐந்து சுற்று சுற்றியிருந்த அதே நீளத் துணி இடது காலை நாலரைச் சுற்றுத்தான் சுற்றியிருந்தது. எல்லோருக்கும் கால் வீங்கும் என்றேனே, எல்லோருக்கும் இரண்டு காலும் வீங்கும். அண்ணிக்கு ஒரு கால் மட்டும். தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு இருந்தது. கை வைத்தால் சுட்டது.

“எத்தனை நாளா இப்படி?” என்று ரேடியோ கேட்டாள்.

“வீக்கம் ரெண்டு நாளாத்தான். வலி ரெண்டு மாசமா இருக்கு. இங்க இல்ல.” அண்ணி கெண்டைச்சதையை விட்டுவிட்டு முன்பக்கம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இறங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். “எலும்புக்குள்ள. ராத்திரியில யாரோ உள்ள உட்கார்ந்து சுரண்டற மாதிரி.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவும் வேண்டாம். நீ மிதி.”

ரேடியோ மிதித்தாள்.

இந்த இடத்தில் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கூடத்து வேலைக்கு வருவதற்கும் முன்னால், அண்ணிக்கு இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முடி முளைத்தது. அவள் தாங்கிக்கொண்டாள். தாங்காமல் போனவர் அண்ணன்தான். ஐம்பது பேரை வைத்து வண்டி ஓட்டுகிற மனுஷன், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார், உள்ளே வரமாட்டார். ஐந்தாவது வருஷம் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அந்தக் காகிதக்கட்டை எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, பீரோவின் மேல், பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது, எடுத்தால் அதன் காதில் விழுந்து திரும்பி வந்துவிடும் என்றார். வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று முதல் அந்த வியாதியின் பெயரை யாரும் சொன்னதில்லை. பெயரைச் சொல்லாமல் வருஷப் பரிசோதனைக்கு எப்படிக் கிளம்புவது? ஆறாவது வருஷம் போகவே இல்லை.

ஆக, அண்ணி காலைக் காட்டி எலும்பு என்று சொன்னபோது இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வந்தது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அது வெறும் கால்வலி.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். நல்ல மனுஷர், கூட்டம் அதிகம். என்ன வேலை என்று கேட்டார். நிற்கிற வேலை என்றதும் தலையை ஆட்டினார். அந்தக் கூடத்திலிருந்து வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்களாம். வேறு ஏதாவது வியாதி உண்டா, ஆபரேஷன் ஏதாவது செய்ததுண்டா என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள் அண்ணி.

ரேடியோ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் தன் பிறந்த கதை வரைக்கும் சொல்லுகிறவள், அன்றைக்கு மேஜையின் மேலிருந்த எடைக்கல் மாதிரி இருந்தாள். டாக்டர் தடவுவதற்கு ஒரு மருந்தும் வலிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீ வாயைத் திறக்கவில்லை என்றாள். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில், அவள் பேசாமல் இருந்ததற்காகக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பிறகு தினமும் மத்தியானம் மிதித்தாள். மருந்தைத் தடவி, இதமாகத் தேய்த்து, அப்புறம் மிதித்தாள். மிதித்தால் வீக்கம் கரையும் என்று நம்பினாள். தேங்கின நீரை மேலே தள்ளிவிட்டால் போதும் என்று பாய்லர்க்காரப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் வீக்கம் கரையவில்லை. துணி நாலு சுற்றுக்கு வந்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொள்ளுகிற சத்தம் பாய்லர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. வலிக்கிறதா என்றால் இன்னும் கொஞ்சம் மிதி என்பாள். வீட்டில் அண்ணனுக்கு முன்னால் நேராக நடந்துவிடுவாள். அவர் குளிக்கப் போனதும் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

ராத்திரியில் ரேடியோ பக்கத்து அறையில் படுத்தபடி காது கொடுத்துக் கேட்பாள். ஒரு முனகல் வந்தால் உயிர் போகும். முனகல் நின்றாலோ அதைவிட மோசம். தன்னோடு தானே சண்டை போட்டாள். சொல்லிவிடேன் என்று ஒரு மனசு. சொல்லி அதுவாகவே இருந்துவிட்டால் என்று இன்னொரு மனசு. நான் சொல்லித்தான் அது வரப்போகிறதா என்று தானே கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமல் போர்வையை இழுத்துக்கொள்வாள். அண்ணியின் கொலுசை அவிழ்க்க முடியாமல் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றியதை அண்ணனிடம் மறைத்தது வேறு, நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஒன்பதாவது நாள் மிதித்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தபோது, அண்ணியின் கெண்டைக்காலில் ரேடியோவின் குதிகால் பதிந்திருந்தது. ஈரக் களிமண்ணில் கால் வைத்த மாதிரி ஒரு குழி. கையால் நீவிப் பார்த்தாள். குழி நிரம்பவில்லை. தோல் வெளுப்பும் நீலமுமாக இருந்தது. துணியைச் சுற்றிவிட்டு, எழுந்திருங்கள் அண்ணி என்றாள்.

ரோலர் முன்னால் நிற்கிற மேடைக்கு மூன்றே படி. அண்ணி இரண்டு படி ஏறினாள். மூன்றாவது படியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“மூச்சு வாங்குது,” என்றாள்.

மூன்று படிக்கு யாருக்காவது மூச்சு வாங்குமா? முகம் முழுக்க வியர்த்திருந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நெஞ்சில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, மூச்சை இழுத்தால் குத்துகிறது என்று விட்டு விட்டுச் சொன்னாள். பின்னாலிருந்து சூப்பர்வைசர், என்னம்மா ரோலர் சும்மா ஓடுகிறது என்றார். ரேடியோ விரிப்பு ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கவிழ்த்து, மடித்து வைத்த விரிப்புகளை எல்லாம் தரையில் கொட்டினாள். அண்ணியைத் தூக்கி அதில் உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு விரிப்பு கொண்டுபோகிற வேன் வாசலில் நின்றிருந்தது. வேன்காரர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார், பின்கதவைத் திறந்தார்.

வேனுக்குள் சலவை மூட்டைகளுக்கு நடுவில் அண்ணி சாய்ந்திருந்தாள். வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் ரேடியோ அவள் காலைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கையைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் குழியைப் பார்த்ததிலிருந்து தொடப் பயமாக இருந்தது.

“அங்க போய்க் கேட்டா நீ எதுவும் சொல்லாதே,” என்றாள் அண்ணி. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. “நிக்கற வேலைன்னு சொல்லு. போதும். அவருக்குத் தெரிஞ்சா வண்டி ஓட்ட மாட்டார். எங்கேயாவது கொண்டுபோய் முட்டிடுவார். சத்தியம் பண்ணு.”

ரேடியோ சத்தியம் பண்ணினாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் நுழைந்தது சலவை இறக்குகிற பின்வாசல் வழியாக. வேன்காரர் ஓடிப்போய்ச் சொல்லி, இரண்டு பேர் படுக்கையோடு வந்தார்கள். அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். வயது முப்பது இருக்கலாம், கண்ணாடி மூக்கில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள், மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தார்கள். டாக்டர் இரண்டு காலையும் அளவுநாடாவால் அளந்தார். ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். எத்தனை நாளாக, எப்படி ஆரம்பித்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. இதற்கு முன்னால் பெரிய வியாதி ஏதாவது, ஆபரேஷன், யாராவது காலைத் தேய்த்தோ அமுக்கியோ விட்டார்களா?

“இல்ல,” என்றாள் அண்ணி. “நிக்கற வேலை.”

டாக்டர் எழுதினார். இல்லை என்று அந்தப் பேனா எழுதுவதை ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய எழுத்து இல்லை, சின்ன எழுத்துத்தான். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று கண்ணாலேயே பிடித்து வைத்திருந்தாள். அந்தக் கண்ணுக்குக் கீழே நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் அது சத்தியத்தைக் காப்பாற்றுவதா, அண்ணியைக் கொல்வதா? ரேடியோ எழுந்து நின்றாள்.

“டாக்டர், அவங்க சொல்றது பொய்,” என்றாள். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு மார்புல கேன்சர். இடது பக்கம் எடுத்துட்டாங்க. இந்த வருஷம் செக்கப்புக்குப் போகல. காலை நான்தான் மிதிச்சேன். ஒன்பது நாளா மிதிச்சேன். இன்னைக்கும் மிதிச்சேன், ஒரு மணி நேரம் முன்னாடி.”

டாக்டரின் பேனா நின்றது. அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் வயிற்றில் ஒரு ஊசி போட்டார்கள், இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற ஊசி. ஸ்கேன் செய்கிறவர் காலில் கூழ் மாதிரி ஒன்றைத் தடவி, கருவியை வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் இரத்தக்குழாய் தட்டையாக வேண்டுமாம். கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரைக்கும் தட்டையாகவில்லை. உள்ளே இரத்தம் கட்டியாக உறைந்து கிடந்தது. நெஞ்சையும் படம் எடுத்தார்கள், கால் எலும்பையும் எடுத்தார்கள்.

டாக்டர் ரேடியோவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சுற்றி வளைக்காமல், அதே நேரம் ஒவ்வொன்றும் காதில் இறங்குகிற வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எலும்புப் படத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு இடம் கரையான் அரித்த மாதிரி இருக்கிறது. பழைய வியாதி அங்கே இறங்கியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஆனால் இறங்கும். சதைத் துண்டு எடுத்துச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். அந்த வியாதி இருக்கிறவர்களுக்கு இரத்தம் சுலபமாக உறையும். இங்கே அப்படி உறைந்ததில் ஒரு சின்னத் துண்டு கழன்று நுரையீரலுக்குப் போயிருக்கிறது. மூச்சு வாங்குவது அதனால்தான். காலில் இன்னும் பெரிய துண்டு இருக்கிறது. அது கழன்றால் நிமிஷத்தில் முடிந்துவிடும். எலும்பு வேறு பலவீனமாக இருக்கிறது, நின்றால் முறியலாம். முறியாமலிருக்கக் கம்பி வைத்துச் சரிசெய்யலாம் என்றால், இந்த ஊசி போடுகிற நேரத்தில் அறுவைசிகிச்சை செய்தால் இரத்தம் நிற்காது. ஆகவே கொஞ்ச நாள் எதுவும் செய்யாமல் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ரேடியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் காலைக் காட்டி, அந்தத் துண்டை மேலே அனுப்பினது இதுதானா என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். “எனக்குத் தெரியாது. மிதிக்காமலேயும் தானா கழண்டு போகும். மிதிச்சதால போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. நீங்க சொல்லலன்னா நான் முதல்ல வேற எதையாவது தேடிக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. இனிமே அந்தக் காலை யாரும் தொடக்கூடாது.”

இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த டாக்டர் பொய் சொல்லப் பழகாதவர்.

அண்ணியை ஒரு அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கட்டிலின் கால்பக்கத்தில் இந்தக் காலைத் தொடாதீர்கள் என்று ஒரு அட்டை எழுதி மாட்டினார்கள். ரேடியோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டாள். யாரோ வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டுபோய்விடுவார்கள் என்பது போல. அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே, சத்தியம் பண்ணினாயே என்றாள். அவ்வளவுதான்.

வெயில் சாயும் நேரத்துக்கு அண்ணன் வந்தார். வேன்காரர்தான் பஸ் நிலையத்தில் போய்ச் சொல்லியிருந்தார். கால்வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும். காக்கிச் சட்டையோடு, கழுத்தில் துண்டோடு, வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். மூக்கில் குழாய் இருந்ததைப் பார்த்தார். உள்ளே வந்து, நேராகக் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார். அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் அவர் செய்வது அதைத்தான், காலைப் பிடித்துவிடுவது. அட்டையை அவர் படிக்கவில்லை. போர்வையை விலக்கி இரண்டு கையையும் வீங்கின காலை நோக்கிக் கொண்டுபோனார்.

ரேடியோ பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

“தொடாதேண்ணா.”

“ஏன்?”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். ரேடியோ அண்ணனின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெயரைச் சொன்னாள். எலும்பைச் சொன்னாள், உறைந்த இரத்தத்தைச் சொன்னாள், நுரையீரலுக்குப் போன துண்டைச் சொன்னாள், இன்னும் போகக் காத்திருக்கிற துண்டையும் சொன்னாள். தெருமுனை டாக்டரிடம் வாய்மூடி உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். கடைசியாக, நான் மிதித்தேன் அண்ணா, ஒன்பது நாள், சரியாகிவிடும் என்று நம்பி மிதித்தேன் என்றாள். சொல்லிவிட்டு, அடி விழும் என்று எதிர்பார்க்கிறவளைப் போலக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

“நானும்தான்,” என்றார்.

ரேடியோவுக்குப் புரியவில்லை.

“ராத்திரி முனகுவா. கையை வெச்சுப் பார்த்தா கால் கொதிக்கும், கல்லு மாதிரி இருக்கும். விடியற வரைக்கும் அமுக்கி அமுக்கி விடுவேன். என்னன்னு கேட்கல. கேட்டா என்ன பதில் வரும்னு பயம். அவ தூங்கறான்னு நினைச்சேன்.”

“தூங்கல,” என்றாள் அண்ணி.

பிராணவாயு போகிற சீறல் மட்டும் கேட்டது. மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது, மூன்று பேரும் தெரியாதது போலவே நடந்துகொண்டிருக்கிறார்கள். பகலில் ஒருத்தி, ராத்திரியில் ஒருவர் என்று முறை வைத்து அந்தக் காலைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அன்பு இல்லாத வீடாக இருந்திருந்தால் அந்தக் காலை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே கை நின்றுபோகிறது.

நர்ஸ் வந்தார். ஊசியின் அடுத்த வேளை ராத்திரி என்றார். காலைச் சுத்தமாக அசைக்காமல் இருக்கச் சொன்னார். அவர் ஒருவருக்கு எட்டு அறை, ஆகவே கூட இருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். விநாடி முள் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, திடீரென்று நெஞ்சைப் பிடித்தாலோ, உடனே அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்றார். வலது பக்கம் அண்ணன் உட்கார்ந்தார், இடது பக்கம் ரேடியோ. இரண்டு பேரும் கைகளை மடியில் இறுக்கிக் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

அவள் பிழைத்தாளா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது அப்போது தெரியாது, கண்ணுகளா. உங்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வது நியாயம் இல்லை. அவர்களோடு கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.

ரேடியோ போர்வை ஏறி இறங்குவதை மனசுக்குள் எண்ணினாள். இருபத்தெட்டு. சிறிது விட்டு மறுபடி எண்ணினாள். இருபத்தொன்பது. எதிர்ப்பக்கம் அண்ணனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. முள் மேலே வந்து சேர்ந்ததும் அவர் உதடு நின்றது. முகம் வெளுத்தது. கை சிவப்புப் பொத்தானை நோக்கிப் போய் நடுவில் தயங்கியது.

“எத்தனை வந்துது?” என்று ரேடியோ கேட்டாள்.

“முப்பத்தொண்ணு. உனக்கு?”

“இருபத்தொன்பது.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் எண்ணினது சரி? அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டார். நர்ஸ் வருகிற செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியில் கேட்க ஆரம்பித்தது. அது வந்து சேருவதற்குள் இன்னொரு தடவை எண்ணிவிடலாம் என்று இரண்டு பேரும் கடிகாரத்தையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டை அசைக்கத் தொடங்கினார்கள்.

அண்ணி கண்ணைத் திறந்தாள். சுவர்ப் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பி முதலில் கணவனைப் பார்த்தாள், பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. ஆறு வருஷத்தில் அதை அவள் யாருக்கும் காட்டினதில்லை.

“மனசுக்குள்ள எண்ணாதீங்க,” என்றாள். “சத்தமா எண்ணுங்க. எனக்கும் கேட்கணும்.”